ஸ்பீக்கரின் இரண்டாவது ஒயர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் என் எழுத்தில் அடிக்கடி இடம் மாறி உட்கார்ந்துவிடும். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துப் பாலோ பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் நான், அதற்கு மேல் போகவில்லை. புரியாத இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இது ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிய கதை. கேட்டால் சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கும் வாங்கும்போது அப்படித்தான் தோன்றியது.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன்னுடைய கேமிங் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பெரிய கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. மகள் படிக்க வெளியூர் போய்விட்டதால் அவள் அறையில் அதை வைத்தோம். ஆறு மாதம் மேலே துணி போர்த்திக் கிடந்தது. பிறகு என்னோடு செனாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, துணியை விலக்கிப் பார்த்து, "மச்சான், இது சும்மா பெட்டி இல்ல லா, இதுல என்னா வேணும்னாலும் ஓடும்" என்றான். அவன்தான் லோரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான்.

ஐம்பதை நெருங்கும் ஆள் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லோரியை எடுத்துக்கொண்டு பெயர் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில், இரண்டு பக்கமும் பனி கிடக்கிற சாலையில் போகும்போது என் கை நடுங்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரிடமும் என்றால், ஒருவனைத் தவிர.

இளவயதில் நான் ஆறு வருடம் லோரியில் போனேன். எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றும் லோரி. ஓட்டியது நான் இல்லை. நான் கெலிண்டான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கி, கயிறு கட்டி, தார்ப்பாய் மூடி, வண்டி பின்னால் வரும்போது கீழே நின்று கை காட்டுகிறவனுக்கு இங்கே அந்தப் பெயர். டிரைவர் நல்லவர். ஆள் இல்லாத இடத்தில் ஸ்டேரிங்கைக் கொடுப்பார். நான் நன்றாகவே ஓட்டுவேன். லோரி லைசென்சுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பலகையில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்ததும் என் கால் நடுங்க ஆரம்பித்துவிடும். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டும். மூன்று முறையும் வண்டி பின்னால் உருண்டது. மூன்றாவது முறை அவர் அப்படியே பேனாவை மூடினார். நான்காவது முறை நான் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெண் பார்த்தார்கள். எங்களுக்காகப் பேசப்போன உறவுக்காரர் பெண் வீட்டில் "மாப்பிள்ளை லோரி டிரைவர்" என்று சொல்லிவிட்டார். கெலிண்டான் என்று சொன்னால் பெண் கொடுப்பார்களோ இல்லையோ என்ற பயம் அவருக்கு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் வாயைத் திறக்கிறவன் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்தேன். கல்யாணம் முடிந்து, லைசென்ஸ் எங்கே என்று யாராவது கேட்பதற்குள், முதுகுவலி, இனிமேல் லோரி ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இருபத்தொரு வருடமாக என் மனைவி நான் லோரி ஓட்டியவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குள் எப்போதும் இருந்த பயம். வேறு எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

நண்பனிடம் மட்டும் சொன்னேன். விளையாட்டு பழகிய புதிதில், கேண்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நீ ஓட்டறத பார்த்தா ஒரிஜினல் டிரைவர்னு தெரியுது மச்சான், கை அப்படி வருது" என்றான். அந்தப் பாராட்டை என்னால் விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, பேனா, முதுகுவலி எல்லாம். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். கடைசியில் என் தோளைத் தட்டி, "இது எங்கிட்டயே இருக்கும் மச்சான். சாமி மேல சத்தியம்" என்றான். அன்று எனக்கு உடம்பே லேசாகிப் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது.

அவன் சேர்த்துவிட்ட குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாம் நம்மாட்கள். ஜோகூர்க்காரர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விளையாட்டுக்குள் வந்து, லோரிகளை வரிசையாக விட்டுக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவோம். முன்னால் போகிறவர் யோங் பெங்கில் நிஜமாகவே டிரெய்லர் ஓட்டுகிறவர். அவரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். வாரம் பூராவும் லோரி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் லோரி ஓட்டுகிறீர்களே என்று யாராவது கேட்டால், "இதுல டயர் பஞ்சர் ஆனா நான் எறங்க வேணாம் லா" என்பார். வரிசையில் கடைசியாக வருவதை வால் லோரி என்போம். யாராவது பின்தங்கினால் வால் லோரி அவர்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும், முந்தக் கூடாது. அந்த இடம் எனக்கு. நான் பேசமாட்டேன். மைக்கை மூடியே வைத்திருப்பேன். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வருவேன். தலைவர் கிளம்பும்போது, "வால்ல ஒரிஜினல் டிரைவர் இருக்காரு, கவலை இல்லாம போலாம்" என்பார். அவருக்கு யார் அப்படிச் சொல்லி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் நண்பன்தான் என்று நினைத்து, மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் என் வலது காதில் சீழ் வைத்தது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் காதடைப்பான், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஹெட்போன். கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வேலையிடத்துக்குக் கடிதம் தருகிறேன், ஆனால் வீட்டில் ஹெட்போன் போடவே கூடாது என்றார். அப்படித்தான் ஸ்பீக்கர் தேட ஆரம்பித்தேன்.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் சுவரில் ஒரே ஒரு பிளக் இடம். அதிலிருந்து ஒரு நீட்டிப்பு ஒயர் எடுத்துத்தான் கம்ப்யூட்டர், திரை, காற்றாடி, அவள் துணி தேய்க்கும் பெட்டி எல்லாம் ஓடுகின்றன. ஏற்கனவே ஒரு தடவை அது உருகி நாற்றம் வந்திருக்கிறது. "இன்னொரு பிளக்கு அதுல சொருகினீங்கன்னா நான் தைக்கறத நிறுத்திட்டு தீயணைப்புக்காரங்களுக்குப் பலகாரம் சுட வேண்டியதுதான்" என்றாள். அதனால் கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் யுஎஸ்பி ஸ்பீக்கராகப் பார்க்கச் சொன்னான் நண்பன்.

"ஒத்த ஒயர்ல எல்லாம் வந்துருமா?" என்று கேட்டேன்.

"வராம? உன் ஹெட்போன் எப்படி வருது? ஒத்த ஒயர்தானே? அதே மாதிரி லா."

நியாயமாகத்தான் இருந்தது. என் ஹெட்போனுக்கு ஒரே ஒயர்தான். அகலமான யுஎஸ்பி முனையை முன்பக்கம் சொருகினால் சத்தம் வரும்.

அவன் கூட வருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. நான் தனியாகவே ஜோகூர் பாருவுக்குப் போனேன். ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஒரு மாடி முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். நான் மூன்று சுற்று சுற்றினேன். எந்தக் கடையில் கூட்டம் இல்லையோ அதில்தான் நுழைவேன். கூட்டம் இல்லாத கடையில் ஒரு சீனப் பெண் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மேசைமேல் மூன்று வகை யுஎஸ்பி ஸ்பீக்கர் வைத்திருந்தாள். ஒன்று திரைக்குக் கீழே வைக்கும் நீளமான கட்டை. ஒன்று உருண்டையாக, நிறம் மாறி மாறி எரியும் விளக்கோடு. இன்னொன்று மரப்பெட்டி மாதிரி சின்னதாக இரண்டு, முன்னால் ஒரு திருகு. மூன்றின் ஒயர்களும் மேசைக்குப் பின்னால் எங்கோ போய் மறைந்தன.

அவள் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். டம் டம் என்று நெஞ்சில் இடித்தது. பாட்டு எனக்குத் தேவையில்லை. எனக்கு வேண்டியது லோரிச் சத்தம். அதை எப்படிக் கேட்பது? இரண்டு முறை வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் மலாயில், "லோரி சத்தம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கைப்பேசியில் தேடி ஒரு லோரி மேடு ஏறும் படத்தைக் கண்டுபிடித்துப் போட்டாள். நீளக் கட்டையில் லோரி ஏதோ டின்னுக்குள் ஓடுவதுபோல் இருந்தது. உருண்டையில் இரைச்சல். மரப்பெட்டியில் மட்டும் கியர் மாறுவதும், நிறுத்தியதும் காற்று பிரேக் புஸ்ஸென்று மூச்சு விடுவதும் தனித்தனியாகக் கேட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அங்கிள் லோரி டிரைவரா?" என்று மலாயில் கேட்டாள் அந்தப் பெண். நான் தலையை ஆட்டினேன். அங்கேயும் அதே பொய்தான்.

மரப்பெட்டி ஸ்பீக்கரையே வாங்கினேன். ஒயர் பற்றிக் கேட்க நினைத்தேன். அவள் அதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே பெட்டியைப் பிரித்தேன். ஸ்பீக்கரிலிருந்து இரண்டு ஒயர் வந்தன. ஒன்றில் அகலமான யுஎஸ்பி முனை. இன்னொன்று மெல்லியது, நுனியில் ஊசி மாதிரி பின், சுருட்டிக் கம்பியால் கட்டியிருந்தது. அது கைப்பேசிக்காக இருக்கும் என்று நினைத்து அப்படியே மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டேன். யுஎஸ்பியைச் சொருகினேன். ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. திருகைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டேன். விளக்கு மட்டும் எரிந்தது.

மேசைக்குப் பின்பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பி, லைட் எரியுது, சத்தம் இல்ல என்று எழுதினேன். அவன் உடனே குரலில் பதில் அனுப்பினான்: "புதுசு இல்ல மச்சான், கொஞ்ச நாள் சூடாகணும். அடுத்த வாரம் நான் வந்து பார்த்து கொடுக்கறேன். இன்னிக்கு நீ சும்மா ஓட்டு. வால் லோரிக்கு இன்னிக்கு காது கேக்காதுன்னு நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

எங்கள் குழுவில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது சத்தம் வேலை செய்யாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர் முன்னால் போகும் லோரியின் விளக்கைப் பார்த்து ஓட்டுவார். இடது விளக்கு மின்னினால் ஒதுங்க வேண்டும், இரண்டும் மின்னினால் நிற்க வேண்டும். மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான் சத்தமில்லாத லோரியில், எனக்கு முன்னால் போகும் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு போனேன். மழை பெய்வதைப் பார்த்தேன், மழை கேட்கவில்லை. பரவாயில்லை என்றுதான் இருந்தது.

மூன்றரை இருக்கும். என் மனைவி தைத்த ரவிக்கைகளைத் தேய்ப்பதற்காக உள்ளே வந்தாள். தேய்க்கும் பெட்டியைச் சொருகக் குனிந்தவள், "இது என்ன ஒயரு சும்மா தொங்குது?" என்றாள்.

"அது போனுக்கு."

"போனுக்குன்னா ஏன் ஸ்பீக்கர்லேருந்து வருது?" ஒயரைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தாள். தையல் மெஷினில் எந்த நூல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "இங்க பாருங்க, பச்சைக் கலர்ல ஒரு ஓட்டை. இந்த முனையும் பச்சைதான்."

நான் "வேணாம்" என்று சொல்லவில்லை. சொல்லக் காரணமும் இல்லை. அவள் சொருகினாள்.

முதலில் வந்தது மழை. அறை முழுக்க மழை. அதற்கு மேல் என் லோரியின் எஞ்சின். கடையில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. என் மனைவி சிரித்துவிட்டு, "பார்த்தீங்களா?" என்றாள். அப்புறம் நண்பனின் குரல் வந்தது. திருகு கடைசி வரைக்கும் திருப்பியபடி இருந்ததால், அவன் எங்கள் வீட்டுக்குள் நின்றே பேசுவதுபோல் கேட்டது.

"மேட்டுல லா! மூணு தரம்! மூணு தரமும் பின்னால உருட்டிட்டான்!"

பத்துப் பேர் சிரித்தார்கள்.

"அலமாக்," என்றார் தலைவர். "நான் ஒரிஜினல் டிரைவர்னு இல்ல நெனச்சேன்?"

"நான் சும்மா அவனுக்கு பில்டப் கொடுத்தேன், தலைவரே. இவன் ஒரிஜினல் கெலிண்டான். கயிறு கட்ட சொன்னா நல்லா கட்டுவான்."

"பாவம்லா அண்ணே, விடுங்க," என்றது ஒரு சின்ன வயதுக் குரல்.

"என்னா பாவம்? கட்டின பொண்டாட்டிக்கே இன்னும் தெரியாது! டிரைவர்னு சொல்லிக் கட்டிக்கிட்டு, முதுகுவலி, லோரி ஏற முடியலன்னு சொல்லி ஏமாத்திட்டு இருக்கான். இருபது வருஷம்!"

தலைவர் கேட்டார்: "டேய், அவர் பின்னாலதானே வர்றாரு?"

"இன்னிக்கு அவனுக்கு காது கேக்காது. காலையில போட்டோ அனுப்பினான். சத்தம் வரும் ஒயரு பக்கத்துலயே தொங்குது. நான் சொல்லுவேனா? சொல்லியிருந்தா இந்தக் கதைய எப்ப சொல்றது?"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் தலைவர் சிரித்த மாதிரி தெரியவில்லை. "சரி சரி, முன்னால வளைவு, பேச்ச நிறுத்து" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். தேய்க்கும் பெட்டி சூடாகி நீராவி விடும் சத்தம் கேட்டது. நான் வளைவில் லோரியைத் திருப்பினேன். பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் அதற்குள் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நண்பன் எப்போதும் போலத்தான் பேசிக்கொண்டிருந்தான். அதே குரலில்தான் என்னிடம் சத்தியம் பண்ணினான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முடியவில்லை.

பின்னால் பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அவள் ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் லோரியை ஓரம் கட்டி, கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்தேன். முன்னால் போன விளக்குகள் ஒவ்வொன்றாக மழைக்குள் மறைந்தன. வால் லோரி நின்றுவிட்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

சமையலறையில் அவள் தேய்க்காத ரவிக்கைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"கெலிண்டானா?" என்றாள்.

"ஆமா."

"முதுகுவலி?"

நான் ஒரு ரவிக்கையை எடுத்து மடிக்கப் பார்த்தேன்.

"எட்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சேன். என் கை கொப்புளிச்சுப் போன அன்னிக்குக்கூட நீங்க குப்புறப் படுத்துட்டு ‘இன்னும் கொஞ்சம் கீழ’ன்னு சொன்னீங்க."

அவள் சொன்னபடியேதான் நடந்தது. அவள் கை என் முதுகில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் அப்போது சொல்ல முடியவில்லை.

"கெலிண்டான்னா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. அன்னிக்கு எனக்கு இருபத்து மூணு வயசு. என்ன சொல்லியிருப்பேன்னு யாருக்குத் தெரியும்? கேட்டிருந்தாத்தானே தெரியும்." ரவிக்கையை மேசையில் வைத்தாள். "உங்க கூட்டாளிக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"அவன்கிட்ட வாயத் திறந்து சொல்ல முடிஞ்சிருக்கு."

அதற்கு மேல் அன்று அவள் என்னிடம் பேசவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், தன் தம்பிக்குப் போன் செய்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறாயா என்று மட்டும் கேட்டாள். அவன் வேண்டாம் என்றான்.

திங்கட்கிழமை கேண்டீனில் நண்பன் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "மச்சான், நேத்து பாதியிலேயே காணாமப் போயிட்ட? லைன் கட் ஆயிருச்சா?"

"சத்தம் வந்துருச்சு," என்றேன்.

அவன் கரண்டியை வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே நிறுத்தினான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது, "எதுலேருந்து கேட்ட?"

எதிலிருந்து என்பதைப் பொறுத்து அவன் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று கணக்குப் போடுகிறான் என்பது எனக்குப் புரிந்தது. இரண்டு வருடமாக இந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

"மேட்டுலேருந்து," என்றேன்.

"ஜோக் லா மச்சான். எல்லாரும் ஒருத்தன ஒருத்தன் கலாய்ப்போம். போன மாசம் என்னைக் கலாய்க்கலையா? நீ பேசவே மாட்ட, அதான் உன்னப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியல. இனிமே அவங்களுக்கு உன்ன இன்னும் புடிக்கும், பாரேன்."

"ஒயர சொருகினது என் வீட்டுக்காரி," என்றேன். "பக்கத்துலதான் நின்னா."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். முதல் முறையாக அவன் முகத்தில் ஏதோ தெரிந்தது. "அக்கா கேட்டுட்டாங்களா?"

நான் எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்தான். "நான் வந்து பேசட்டா? நான் சும்மா கதை கட்டினேன், பொய்யின்னு சொல்லிடறேன். நம்புவாங்க லா. நான் சொன்னா நம்புவாங்க."

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு உண்மையை வெளியே விட்டவன், அதை மூட இன்னொரு பொய்யைத் தர வந்தான், அதுவும் நான் கேட்காமலே. அதைவிட மோசம், ஒரு நொடி நான் அதைப் பற்றி யோசித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. கையை விடுவித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே பிரிவில், பெட்டிகளை அடுக்குவதற்கு என்ன வார்த்தைகள் தேவையோ அவற்றை மட்டும் பேசுகிறோம்.

நண்பன் விஷயத்தைச் சொல்லியிருப்பான்போல, தலைவர் ஒரு முறை செய்தி அனுப்பினார். "அண்ணே, அன்னிக்கு நானும் சிரிச்சிருக்கக் கூடாது. வால் காலியா இருக்கு." நான் பதில் எழுதவில்லை. அவர் அன்று சிரிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். சிரித்திருக்கிறார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. என் மனைவி இப்போது பேசுகிறாள், கிண்டலும் பண்ணுகிறாள். வெளியில் இருந்து பார்த்தால் எங்கள் வீடு முன்போலத்தான் தெரியும். போன வாரம் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்றேன். அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நெஜமாவா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். வாயைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். பிறகு கிராம்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி படுக்கையில், "உங்க கதை எனக்கு அவன் வாயாலதான் தெரியும்" என்றாள். "லோரி, டிரைவரு, மேடு, அந்தக் கயிறு. எல்லாமே அவன் சொன்ன மாதிரிதான் என் காதுல இருக்கு. நீங்க இன்னும் ஒரு வார்த்த சொல்லல."

சொல்லப் பார்த்தேன். இரண்டு நாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என் வாய் அப்படிப்பட்டது. அதனால் மகளின் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றை எடுத்து, அவள் எழுதாமல் விட்ட பக்கங்களில் இதை எழுதியிருக்கிறேன். இதை வேறு யார் படித்தாலும் பிறகு படிக்கட்டும். என் மனைவி இப்போது முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். மெஷின் நின்றதும் முதலில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, 20 அக்டோபர் 2024.